அனகொண்டா எங்கட சொல்லா?

வெள்ளவத்தையில் தேத்தண்ணி குடிக்கக் கூடினால் எங்களுக்குள் அடிக்கடி வருகிற சண்டை இது. "அனகொண்டா தமிழ்ச்சொல் மச்சான், ஆனை கொன்றான்!" கேட்க ஆசையாத்தான் இருக்கு. 1886இல் வந்த ஹொப்சன்-ஜொப்சன் அகராதியும் இந்தப் பக்கம்தான் சாய்கிறது.

ஆனால் அதைவிடப் பழைய பதிவு ஒன்று உண்டு. 1693இல் ஆங்கில இயற்கையியலாளர் ஜோன் ரே, லெய்டன் அருங்காட்சியகப் பாம்புப் பட்டியல் ஒன்றிலிருந்து, இலங்கையர் சொல்லும் பெயர் என்று 'அனகந்தாயா'வைத் தருகிறார். எருமை, மாடுகளின் உறுப்புகளை நொறுக்குவது என்று பொருளும் எழுதுகிறார். ஆனை எங்கே? காணோம்.

சிங்களத்தில் 'ஹெனகந்தயா' இருக்கிறது. ஒலி நன்றாகப் பொருந்துகிறது, ஆனால் அது சாட்டைபோல மெலிந்த பாம்பு. எருமையை என்ன செய்யும்?

1768இல் 'ஸ்கொட்ஸ் மகசின்' இதழில் இன்னொரு கூத்து. இலங்கையில் அனகொண்டா ஒன்று புலியை நொறுக்கிக் கொன்றதாம். இலங்கைக் காட்டில் ஏது புலி? (விலங்கைத்தான் சொல்கிறோம்.) இருப்பது சிறுத்தை. அந்தக் கதையால் பிரபலமான சொல், பிறகு தென்னமெரிக்கப் பாம்புக்குப் போய் ஒட்டிக்கொண்டது.

எங்கள் கணக்கில் சிங்கள மூலத்துக்கே வாய்ப்புக் கொஞ்சம் கூட. அதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருது. ஏன்? சுருட்டும் கட்டுமரமும் மிளகுத்தண்ணியும் சந்தேகமில்லாமல் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனவை. ஆனையையும் இழுத்துவரத் தேவையில்லை.

எங்கட காடுகளில் இருப்பது மலைப்பாம்புதான். அனகொண்டாவைப் பார்க்க தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்குப் போகவேணும். அங்கேயும் அது வெளிநாட்டுக்காரன்.