கத்தி பிடிக்க யாருக்கு உரிமை?

போன மாரிகாலத்தில் அப்பாவைக் குரோய்டனில் ஒரு பாத கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவருக்கு நெடுங்காலமாகச் சலரோகம். சப்பாத்து உரசி வந்த சின்னப் புண் மூன்று கிழமையாக ஆறவில்லை. ஆனால் அவருக்கு வலி தெரியவே இல்லை. சலரோகம் கால் நரம்புகளின் உணர்வைக் குறைத்துவிடும். அப்படி வரும் புண்ணைக் கவனிக்காமல் விட்டால், காலையே எடுக்க வேண்டி வரலாம்.

அங்கிருந்த பெண் மெல்லிய நைலோன் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்வைச் சோதித்தார். பிறகு புண்ணைச் சுற்றித் தடித்திருந்த தோலைக் கத்தியால் சீவி எடுத்தார். வெளியே வந்ததும் அப்பா கேட்டார்: "தம்பி, இவ டொக்டரோ?"

"இல்லை அப்பா, பொடியாட்ரிஸ்ட்."

"அப்ப என்னெண்டு கத்தி பிடிக்கிறா?"

நல்ல கேள்வி. இதற்குப் பதில் தேட, நாம் ஐந்நூறு ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

அந்தக் காலத்து இங்கிலாந்தில், பல்கலைக்கழகத்தில் படித்த வைத்தியர்கள் கத்தியைத் தொடமாட்டார்கள். வெட்டுவது கைவேலை, அது வேறு ஆட்களின் தொழில். 1540இல் எட்டாம் ஹென்றி மன்னர் லண்டன் முடிதிருத்துவோரையும் சர்ஜன்களையும் ஒரே சங்கமாக்கினார். 1745இல்தான் அவர்கள் பிரிந்தார்கள். 1800இல் சர்ஜன்களுக்கு அரச கல்லூரி கிடைத்தது. இன்றும் இந்த நாட்டில் பல சர்ஜன்களை 'டொக்டர்' என்று அழைக்காமல் 'மிஸ்டர்', 'மிஸ்' என்று அழைப்பது அந்தப் பழைய பிரிவின் மிச்சம்தான். ஒரு காலத்தில் சர்ஜன்களும் வாசலுக்கு வெளியேதான் நின்றார்கள்.

கால் ஆணி வெட்டியவர்கள் அதைவிடத் தூரத்தில் நின்றார்கள். சந்தையிலும் தெருவிலும் தொழில் செய்தார்கள். 1845இல் லூயிஸ் டர்லாக்கர் என்பவர் கால் ஆணி, நக நோய்கள் பற்றி ஒரு நூல் எழுதினார். விக்டோரியா மகாராணியின் பாதங்களைக் கவனித்தவர் அவர். ஆனால் மகாராணியின் காலைத் தொட்டவருக்கும் அன்று பரீட்சையோ பதிவோ கிடையாது.

அந்தப் பாதையை அவர்கள் தாங்களே போட்டார்கள். 1912இல் லண்டனில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1913இல் ஏழைகளுக்காக ஒரு பாத கிளினிக், 1919இல் ஒரு பள்ளி. 1945இல் ஐந்து சங்கங்கள் ஒன்றாயின. 1960இல் பாராளுமன்றம் சட்டம் போட்டு அரசுப் பதிவேட்டுக்கு வழி வகுத்தது. அந்தச் சட்டம் அவர்களை 'மருத்துவத்துக்குத் துணையான தொழில்கள்' என்ற பட்டியலில் வைத்தது. 'துணை' என்ற சொல்லைக் கவனியுங்கள். உள்ளே வரலாம், ஆனால் ஓரமாக இருக்க வேண்டும்!

அப்போதும் பதிவு செய்யாத ஒருவர் தன்னைப் பொடியாட்ரிஸ்ட் என்று பலகை போடலாம். 2003இல் வந்த புதிய பதிவேடும் அதன் இரண்டு ஆண்டு இடைக்காலமும்தான் அந்த ஓட்டையை அடைத்தன. 2013இல், மேலதிகப் பயிற்சி பெற்ற பொடியாட்ரிஸ்டுகளுக்குச் சுயமாக மருந்து எழுதும் உரிமையும் வந்தது.

இன்று அவர்களில் சிலர் பாத எலும்புகளிலேயே சத்திரசிகிச்சை செய்கிறார்கள். பட்டப்படிப்புக்குப் பிறகு முதுநிலைப் படிப்பு, அதன் பிறகு பல ஆண்டுகள் மேற்பார்வையில் பயிற்சி. ஆனால் டொக்டர்களின் பயிற்சியை அங்கீகரிப்பது பொது மருத்துவக் கவுன்சில், இவர்களின் பயிற்சியை அங்கீகரிப்பது சுகாதாரத் தொழில்களுக்கான வேறொரு கவுன்சில். ஒரே எலும்பு, இரண்டு பரிசோதகர்கள்.

எலும்பு சர்ஜன்கள் பலருக்கு இதில் ஒரு குறை உண்டு. 'சர்ஜன்' என்ற பெயரைக் கேட்கும் நோயாளி, எதிரில் இருப்பவர் மருத்துவப் பட்டம் பெற்றவர் என்று நினைத்துவிடுவார் என்கிறார்கள். அது நியாயமான கவலை. என் அப்பாவும் அதைத்தானே கேட்டார்?

அப்படியானால் இரண்டு பாதைகளையும் ஒன்றாக்கினால் என்ன? அமெரிக்காவில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. அங்கே பொடியாட்ரிஸ்டுகள் டொக்டர்களைப் போலவே ஆஸ்பத்திரியில் மூன்று ஆண்டுகள் ரெசிடென்சி செய்கிறார்கள். ஆனால் அதை அங்கீகரிப்பது அவர்களுடைய தனிக் கவுன்சில். ஒஸ்டியோபதி மருத்துவர்களும் அப்படித்தான் தனியாக இருந்தார்கள். 2015 முதல் 2020 வரை அவர்களின் பயிற்சி பொது அமைப்போடு இணைக்கப்பட்டது. பாத மருத்துவம் இன்னும் வெளியே நிற்கிறது. இணைந்தால் எல்லோருக்கும் ஒரே அளவுகோல் கிடைக்கும். அதே நேரம், ஒரு சிறிய தொழிலின் பரீட்சையை அதைத் தெரியாத பெரும்பான்மை தீர்மானிக்கும் ஆபத்தும் உண்டு.

இரண்டு கணினி அமைப்புகளை ஒன்றோடொன்று பேச வைப்பது என் வேலை. அதில் நான் கற்றது இது: இரண்டையும் ஒன்றாக்குவதற்கு முன், இரண்டும் ஒரே விதியை ஒப்புக்கொள்ள வேண்டும். இங்கேயும் முதலில் வேண்டியது ஒரே பெயர் அல்ல. இருவரின் பயிற்சியையும் ஒரே அளவுகோலால் வெளியிலிருந்து ஒருவர் சோதிக்க வேண்டும். அதன் முடிவை நோயாளி பார்க்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும்.

வீட்டுக்கு வரும் பஸ்ஸில், அப்பாவுக்கு இணையத்தில் அந்தப் பதிவேட்டைத் திறந்து காட்டினேன். அந்தப் பெண்ணின் பெயர் அதில் இருந்தது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார். "டொக்டர் இல்லைத்தான். ஆனா சோதிச்சுத்தான் விட்டிருக்கிறாங்கள்" என்றார்.

உங்கள் வீட்டில் யாருக்காவது சலரோகம் இருந்தால், இன்று இரவு அவர்களின் பாதத்தை ஒருமுறை பாருங்கள். விரல் இடுக்கையும் பாருங்கள். புண் இருந்தால், வலிக்கவில்லை என்று அவர்கள் சொன்னாலும் விட்டுவிடாதீர்கள்.