ஒரு வடமும் இரண்டு மொழிகளும்: கெர்மிட் என்னும் நெறிமுறையின் வரலாறு

அடுத்தடுத்த மேசைகளில் இருக்கும் இரண்டு கணினிகளுக்கிடையே ஒரு கோப்பை அனுப்புவது இன்று ஒரு பொருட்டே அல்ல. 1980-களின் தொடக்கத்திலோ, ஒரு நிறுவனத்தின் கணினி எழுதிய நெகிழ்வட்டை இன்னொரு நிறுவனத்தின் கணினி பெரும்பாலும் படிக்காது. இரண்டுக்கும் பொதுவாக இருந்தது பின்புறத்துச் சீரியல் இணைப்பு ஒன்றுதான். அதில் ஒரு வடத்தைச் செருகி, எழுத்து எழுத்தாக அனுப்பிப் பெற்றுக்கொள்ள வேண்டும். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இச்செயலுக்குள், ஒரு பிரதியை இடம் மாற்றுவது என்றால் என்ன என்னும் கேள்வி ஒளிந்திருந்தது. அதற்கு இலக்கியம் பயில்வோரும் அறிந்துகொள்ளத்தக்க ஒரு விடையைக் கண்டவர்கள் நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கணினி மையத்தார். அவ்விடையின் பெயர் கெர்மிட்.

முதலில் வடத்தைப் பார்ப்போம். ஆர்எஸ்-232 என்னும் தரம் அமெரிக்காவில் 1960-இல் வகுக்கப்பட்டது. 1969-இல் வந்த அதன் திருத்தமே நெடுங்காலம் வழங்கிற்று. முனையத்தையும் மோடத்தையும் இணைப்பதே அதன் நோக்கம். 25 ஊசிகள் கொண்ட இணைப்பில் இரண்டாம் ஊசி வழியே முனையம் பேசும். மூன்றாம் ஊசி வழியே கேட்கும். இரண்டு கணினிகளை நேரடியாக இணைத்தால் இரண்டுமே தம்மை முனையமாகக் கருதிக்கொள்ளும். வாய்க்கு எதிரே வாய், செவிக்கு எதிரே செவி என்றாகிவிடும். ஆகவே வடத்துக்குள் அவ்விரு கம்பிகளையும் குறுக்காக மாற்றிப் பற்றவைத்தார்கள். நடுவில் மோடம் இருப்பதாகக் கணினிகளை நம்பவைக்கும் இவ்வகை வடத்துக்கு 'வெற்று மோடம்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் பெயர் வழங்கியது. நொடிக்கு 9600 பிட் வேகத்தில், தொடக்க, முடிவுப் பிட்களையும் சேர்த்தால், நொடிக்கு 960 எழுத்துகள் செல்லும். 360 கிலோபைட் நெகிழ்வட்டு ஒன்றின் உள்ளடக்கம் கடந்து செல்ல ஆறு நிமிடத்துக்கு மேல் ஆகும்.

வடம் சரியாக அமைந்தாலும் வழியில் ஓர் எழுத்து சிதையலாம். சிகாகோவைச் சேர்ந்த வார்ட் கிறிஸ்டென்சன் (2024-இல் மறைந்தார்) 1977-இல் இதற்கு ஒரு வழி கண்டார். கோப்பை 128 பைட் கொண்ட துண்டுகளாக்கி, ஒவ்வொன்றின் இறுதியிலும் அதன் கூட்டுத்தொகையை வைத்து அனுப்புவது. பெறுகின்ற கணினி தானும் கூட்டிப் பார்த்து, சரியென்றால் 'பெற்றேன்' என்றும், தவறென்றால் 'மீண்டும் அனுப்பு' என்றும் விடை தருவது. பின்னாளில் எக்ஸ்மோடம் எனப் பெயர்பெற்ற இம்முறை சிறு கணினிகளின் உலகில் விரைந்து பரவியது. ஆனால் அதனுள் ஓர் எதிர்பார்ப்பு பொதிந்திருந்தது: இருபுறமும் ஏறத்தாழ ஒரே இனத்துக் கணினிகள், எட்டுப் பிட்களையும் பழுதின்றிக் கடத்தும் பாதை. இனத்தார்க்குள் பேசிக்கொள்ள இது போதும்.

கொலம்பியாவின் நிலைமை வேறு. மாணவர்களின் கோப்புகள் டெக்-20, ஐபிஎம் ஆகிய பெருங்கணினிகளில் இருந்தன. அங்கே எல்லோருக்கும் போதிய வட்டிடம் இல்லை. சிறு கணினிகளின் நெகிழ்வட்டுகளில் அவரவர் கோப்புகளை எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்பது யோசனை. 1981-இல் பிராங்க் ட க்ரூஸ், பில் கேட்சிங்ஸ் இருவரும் இதற்கான நெறிமுறையை வகுத்து, மப்பெட் பொம்மைகளில் வரும் தவளையின் பெயரைச் சூட்டினர். இடர்கள் பல. சில பாதைகள் ஏழு பிட்களையே கடத்தின. கண்ட்ரோல்-எஸ் போன்ற கட்டுப்பாட்டுக் குறி கோப்புக்குள் இருந்தால், பெருங்கணினி அதை எழுத்தாகக் கொள்ளாமல் 'நிறுத்து' என்ற ஆணையாகக் கொண்டுவிடும். நீண்ட தொடர் வந்தால் சில கணினிகள் வாங்கிக்கொள்ளத் திணறும்.

கெர்மிட் எதையும் எதிர்பார்க்கவில்லை. அதன் பொதிகள் சிறியவை, நூறு எழுத்துகளுக்கும் உட்பட்டவை. ஆபத்தான குறி ஒவ்வொன்றையும் அச்சிடத்தக்க எழுத்தாக மாற்றி, முன்னால் ஓர் அடையாளக் குறியிட்டு அனுப்பும். யாவற்றினும் நுட்பமானது அதன் முதல் வணக்கம். 'என்னால் இன்ன நீளம் வாங்க முடியும், இன்ன வசதிகள் எனக்குத் தெரியும்' என்று அனுப்பும் கணினி சொல்லும். எதிர்க்கணினி தன் இயல்பைச் சொல்லும். ஒருவர் சொல்லாத வசதி அவருக்கு இல்லையென்றே கொள்ளப்படும். இருவருக்கும் பொதுவானவற்றைக் கொண்டு உரையாடல் தொடங்கும். இதனால் பல ஆண்டுகளுக்குப் பின் எழுதப்பட்ட கெர்மிட் நிரலும், தொடக்ககால நிரல் ஒன்றுடன் தடையின்றிப் பேச முடிந்தது.

அடுத்ததே நம் கேள்விக்கு நெருக்கமானது. ஆஸ்கி முறையில் 'ஏ' என்ற ஆங்கில எழுத்துக்கு எண் 65. ஐபிஎம் பெருங்கணினிகளின் எப்சிடிக் முறையில் 193. யூனிக்ஸ் வரி முடிவை ஒரு குறியால் காட்டும். சிபிஎம் இரண்டால் காட்டும். ஐபிஎம் பெருங்கணினியில் அப்படியொரு குறியே இராது. எண்களை மாறாமல் கொண்டுசேர்த்தால் எழுத்து சிதைந்துவிடும். எழுத்தைக் காக்க வேண்டுமானால் எண்களை மாற்றியாக வேண்டும். கெர்மிட் வடத்தின் மீது ஒரு பொது வடிவத்தை நிறுவியது. ஒவ்வொரு கணினியும் தன் வழக்கிலிருந்து பொது வடிவத்துக்கும், அதிலிருந்து தன் வழக்குக்கும் மாற்ற அறிந்திருந்தால் போதும். இருபது வகைக் கணினிகள் ஒன்றோடொன்று நேராகப் பேச வேண்டுமானால் 380 மாற்று விதிகள் வேண்டும். பொது வடிவம் ஒன்றிருந்தால், ஒவ்வொன்றும் தன் வழக்குக்குரிய இரண்டை மட்டும் அறிந்தால் போதும், ஆக நாற்பது.

இந்தப் பொறுமைக்கு விலை உண்டு. கெர்மிட் மெதுவானது என்ற பெயர் நிலைத்துவிட்டது. நீண்ட பொதிகளும், விடைக்குக் காத்திராமல் தொடர்ந்து அனுப்பும் முறையும் 1980-களிலேயே சேர்க்கப்பட்டன. ஆயினும் வணிக மென்பொருள்கள் பலவற்றில் இருந்தது அடிப்படை வடிவம் மட்டுமே. ஆகவே பழிச்சொல் நீங்கவில்லை. மூலநிரலைக் காந்த நாடாக்களில் பதிந்து சிறு கட்டணத்துக்குக் கொலம்பியா அஞ்சலில் அனுப்பிற்று. பெற்றவர்கள் தத்தம் கணினிக்கு ஏற்ப எழுதித் திருப்பி அனுப்பினர். இவ்வாறு நூற்றுக்கணக்கான கணினி வகைகளுக்குக் கெர்மிட் சென்றது.

1990-ஐ ஒட்டிப் பொது வடிவம் ஆங்கில எழுத்துகளைத் தாண்டி விரிந்தது. ஐரோப்பிய மொழிகளும் ரஷ்ய எழுத்தும் அதில் இடம்பெற்றன. அதே பத்தாண்டில் தமிழர்கள் பட்ட பாட்டை இங்கே எண்ணிப் பார்க்கலாம். எழுத்துருவுக்கு ஒரு குறியேற்றம் என்றிருந்த காலம் அது. ஒருவர் அனுப்பிய கட்டுரை மற்றவர் திரையில் பொருளற்ற ஐரோப்பிய எழுத்துக் குவியலாய்த் தோன்றும். எண்கள் ஒன்றுகூடப் பிசகாமல் வந்துசேர்ந்திருக்கும். தமிழ் மட்டும் வந்திராது. டிஸ்கியும், 1999-இல் தமிழக அரசு ஏற்ற டாப், டாம் குறியேற்றங்களும் பொது வடிவத்தைத் தேடிய முயற்சிகளே. 1991-இலேயே தமிழுக்கு இடமளித்திருந்த யூனிக்கோடு பரவிய பின்னரே அத்தேடல் ஓய்ந்தது.

கொலம்பியா பல்கலைக்கழகம் கெர்மிட் திட்டத்தை 2011-இல் முடித்துக்கொண்டது. மூலநிரல் எவரும் பயன்படுத்தத்தக்க கட்டற்ற உரிமத்துடன் வெளியிடப்பட்டது. திட்டத்தின் இணையதளத்தில், யூனிக்கோடின் யுடிஎஃப்-8 வடிவத்தைச் சோதித்துப் பார்ப்பதற்காக ட க்ரூஸ் உலக மொழிகள் பலவற்றின் வரிகளைத் திரட்டி வைத்த பக்கம் ஒன்று உண்டு. அங்கே சுப்பிரமணிய பாரதியாரின் கவிதை தமிழ் எழுத்திலேயே இருக்கிறது. வேறுபட்ட கணினிகளுக்கிடையே ஆங்கில எழுத்துகளைப் பத்திரமாகக் கொண்டுசேர்க்கத் தொடங்கிய ஒரு முயற்சி, முப்பதாண்டுக்குள் பாரதியிடம் வந்து நின்றிருப்பதில் எனக்கு வியப்பில்லை. எதிரில் இருப்பவர் நம்மைப் போன்றவர் அல்லர் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டவர்கள் அவர்கள்.