பந்தை யாரு எண்றது?

போன எபிசோட்ல நத்தம் என்.பி.ஆர். காலேஜ் கிரவுண்டைப் பத்திப் பேசினப்போ, "வேகப்பந்து வீச்சாளர்களுக்கு 'வொர்க்லோடு'னு ஒண்ணு சொல்றாங்களே, அது சும்மா சாக்குதானே?"னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. இன்னைக்கு அதைத்தான் பேசப் போறோம். இது கிரிக்கெட் எபிசோட் மாதிரி தெரியும். ஆனா உண்மையில, ஒருத்தரோட உடம்பு எப்போ ஓய்வெடுக்கணும்னு யார் முடிவு பண்றாங்க என்கிற கதை இது.

என் வீட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

2009. திண்டுக்கல்லில் நாங்க ஒரு டென்னிஸ் பால் டீம் வைத்திருந்தோம். அதுல எங்க பெரியப்பா பையன் தான் வேகப்பந்து. திங்கள் முதல் சனி வரை பூட்டுப் பட்டறையில் நின்றுகொண்டே அரம் தேய்க்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை டோர்னமென்ட். எனக்கு பேட்டிங்கும் வராது, பௌலிங்கும் வராது. அதனால ஸ்கோர் நோட்டு என் கையில.

எட்டு ஓவர் மேட்ச். ஒரு பௌலருக்கு இரண்டு ஓவர்தான் என்று விதி. கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் காலையில் ஆரம்பித்து ஃபைனல் வரை போனால் ஒரே நாளில் ஐந்து மேட்ச். அண்ணன் ஐந்திலும் இரண்டு ஓவர் போடுவார். பத்து ஓவர், அறுபது பந்து. வைடு, நோ-பால் கணக்கில் சேராது. நடுவில் நிழலில் உட்கார்ந்து உடம்பு ஆறிப்போகும், மறுபடி எழுந்து முழு வேகத்தில் ஓடி வருவார். ஆறு வாரம் தொடர்ந்து இப்படி. ஏழாவது வாரம் ஓடி வந்தவர் பாதியில் நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார். முதுகெலும்பில் விரிசல் என்று ஸ்கேன் சொன்னது. அதோடு முடிந்தது.

அந்த நோட்டு இன்னும் என்கிட்ட இருக்கு. எல்லா பந்தும் அதுல இருக்கு. எழுதினவன் நான். ஆனா கூட்டிப் பார்க்கணும்னு தோணவே இல்லை. இந்த எபிசோடுக்காகத்தான் முதல் தடவை கூட்டினேன்.

முதுகு எப்படி உடையுது?

வேகப்பந்து வீச்சு உடம்புக்கு இயல்பான வேலை இல்லை. ஓடி வருகிற வேகத்தை எல்லாம் முன்னங்காலை ஊன்றி ஒரே நொடியில் நிறுத்த வேண்டும். அந்தக் காலில் இறங்குகிற விசை உடல் எடையைப் போல பல மடங்கு. அதே நேரத்தில் இடுப்பு ஒரு பக்கம் வளைந்து திரும்புகிறது. கீழ் முதுகு எலும்பில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன சேதம் ஏற்படுகிறது. ஓய்வு கொடுத்தால் எலும்பு அதைத் தானே சரிசெய்துகொள்ளும். சரிசெய்யும் வேகத்தைவிட சேதம் ஆகிற வேகம் அதிகமானால் விரிசல். அதைத்தான் 'ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர்' என்கிறோம். ஒரே ஒரு பந்தில் வருவதில்லை. கம்பியை வளைத்து வளைத்து விடுகிற மாதிரி. கடைசி வளைப்பில் உடைகிறது, ஆனால் உடைத்தது எல்லா வளைப்பும் சேர்ந்துதான்.

இதை உலகத்துக்குக் காட்டியவர்களில் முக்கியமானவர் ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லி. 1973-ல் வெஸ்ட் இண்டீஸ் சுற்றுப்பயணத்தில் முதுகெலும்பில் விரிசல் விழுந்தது. உடம்பைச் சுற்றி மாவுக்கட்டு போட்டு வாரக்கணக்கில் இருந்தார். கதை முடிந்தது என்று எல்லோரும் நினைத்தபோது, திட்டம் போட்ட உடற்பயிற்சி மூலம் 1974-75 ஆஷஸ் தொடருக்குத் திரும்பினார்.

அதே லில்லியைத்தான் 1987-ல் சென்னைக்குக் கூட்டி வந்தார்கள். எம்.ஆர்.எஃப். பேஸ் ஃபவுண்டேஷன். கூடவே நம்ம டி.ஏ. சேகர். 'இந்தியாவுல வேகப்பந்து வராது'ன்னு சொல்லிட்டிருந்த காலம் அது. ஜவகல் ஸ்ரீநாத், வெங்கடேஷ் பிரசாத், ஜாகீர் கான் எல்லாம் அந்தப் பட்டறை வழியாக வந்தவர்கள். வேகமாக எப்படிப் போடுவது என்பதோடு, உடையாமல் எப்படிப் போடுவது என்பதும் அங்கே பாடம். சொல்லிக் கொடுத்தவர் தானே ஒருமுறை உடைந்தவர்.

பாலாஜியின் மூன்று வருடம்

தெரிந்தால் மட்டும் போதுமா? லட்சுமிபதி பாலாஜியைப் பாருங்க. 2004 பாகிஸ்தான் சுற்றுப்பயணத்தில் அந்தச் சிரிப்புக்காகவே இரண்டு நாடும் அவரைக் கொண்டாடியது. ராவல்பிண்டி டெஸ்டில் 7 விக்கெட். 2005-ல் மொஹாலியில் 9 விக்கெட். வயது 23. அதே வருடம் முதுகில் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர். அடுத்த மூன்று வருடம் பெரும்பாலும் சிகிச்சையிலும் பயிற்சியிலும் போனது. பந்து வீசும் முறையையே மாற்றிக்கொண்டு வந்தார். 2008-ல் சென்னை சூப்பர் கிங்ஸுக்காக ஐ.பி.எல்.-லின் முதல் ஹாட்ரிக்கை எடுத்தார். இந்தியாவுக்காக ஒருநாள், டி20 போட்டிகளிலும் திரும்ப ஆடினார். ஆனால் டெஸ்ட்? மொத்தம் எட்டுதான். 2005-க்குப் பிறகு ஒன்றுகூட இல்லை.

24 பந்தும் 146 பந்தும்

இப்போ நடராஜன். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டிக்காரர். எங்க அண்ணன் மாதிரியே டென்னிஸ் பால்ல வளர்ந்தவர். 2016-ல் டி.என்.பி.எல். தொடங்கியபோது நம்ம திண்டுக்கல் டிராகன்ஸ் அணியில் ஆடினார். அவருடைய யார்க்கரைப் பார்த்துத்தான் 2017 ஏலத்தில் பஞ்சாப் அணி 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது.

டி20-ல் ஒரு பௌலருக்கு 4 ஓவர், அதாவது 24 பந்துதான் எல்லை. ஒன்றைக் கவனிங்க. அந்த எல்லை பௌலரோட முதுகுக்காக வந்தது இல்லை. ஒரே ஆள் ஆட்டம் முழுக்க போட்டுவிடக் கூடாது என்பதற்காக வந்தது. எங்க டோர்னமென்ட் விதியும் அப்படித்தான். மேட்சுக்குத்தான் எல்லை. நாளைக்கும் வாரத்துக்கும் எல்லை கிடையாது.

2020 கடைசியில் நடராஜன் ஆஸ்திரேலியா போனது வலைப்பயிற்சியில் பந்து போடுவதற்காக. ஒவ்வொருவராகக் காயம்பட, டிசம்பர் 2-ல் கான்பெராவில் ஒருநாள் போட்டி, இரண்டு நாள் கழித்து டி20, 2021 ஜனவரி 15-ல் பிரிஸ்பேன் காபாவில் டெஸ்ட். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வடிவத்திலும் அறிமுகமான முதல் இந்தியர். நம்ம ஊர் டீக்கடை டி.வி. எல்லாத்துலயும் அதுதான் ஓடிச்சு.

அந்த டெஸ்டில் நவ்தீப் சைனி எட்டாவது ஓவரிலேயே காயப்பட்டு வெளியே போனார். மிச்சம் இருந்தவர்கள் சுமையைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டிய நிலை. நடராஜன் முதல் இன்னிங்ஸில் 24.2 ஓவர் போட்டார். 3 விக்கெட். 24.2 ஓவர் என்றால் 146 பந்து. ஆறு டி20 ஆட்டத்துக்கான வேலை, ஒரே இன்னிங்ஸில். இரண்டாவது இன்னிங்ஸில் இன்னும் 14 ஓவர். இந்தியா ஜெயித்தது, வரலாறு ஆனது.

பிப்ரவரியில் இந்திய வாரியம் அவரை விஜய் ஹசாரே கோப்பைக்கான தமிழ்நாடு அணியிலிருந்து விடுவிக்கச் சொன்னது. இங்கிலாந்துக்கு எதிரான தொடருக்குப் புத்துணர்ச்சியோடு இருக்கட்டும் என்று. அப்போ நம்ம ஊர் ரசிகர்கள் பலர் கோபப்பட்டாங்க. நானும்தான். ஏப்ரலில் அவருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. காபாதான் காரணம்னு நான் சொல்ல வரலை. முழங்காலுக்கு ஆயிரம் காரணம் இருக்கும். ஆனா அவரோட டெஸ்ட் கணக்கு இன்னைக்கும் ஒன்றுதான்.

நட்சத்திரத்தை உட்கார வைப்பது

அமெரிக்கன் ஃபுட்பாலில் 'ரன்னிங் பேக்'னு ஒரு இடம் உண்டு. பந்தை வாங்கிக்கொண்டு எதிரணிக் கூட்டத்துக்குள் மோதி ஓடுவதுதான் வேலை. ஒவ்வொரு ஓட்டமும் ஒரு இடி. 2024 சீசனில் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் சாக்குவான் பார்க்லி 345 முறை ஓடி 2,005 கெஜம் எடுத்தார். எரிக் டிக்கர்சன் 1984-ல் வைத்த 2,105 கெஜம் சாதனைக்கு இன்னும் 101 கெஜம்தான் தேவை. ஒரு ஆட்டம் பாக்கி. அணி அவரை உட்கார வைத்துவிட்டது. சாதனை போனது. ஆனால் அடுத்து வந்த நாக்-அவுட் ஆட்டங்களைத் தாண்டி, 2025 பிப்ரவரியில் சூப்பர் பவுல் கோப்பையை அந்த அணிதான் தூக்கியது.

நம்ம பக்கம் பும்ரா. 2024-25 ஆஸ்திரேலியத் தொடரில் 151.2 ஓவர், 32 விக்கெட். சிட்னி டெஸ்டின் கடைசி இன்னிங்ஸில் ஆஸ்திரேலியா 162 ரன்னைத் துரத்தியபோது, முதுகு வலியோடு அவரால் ஒரு பந்துகூடப் போட முடியவில்லை. 2025 இங்கிலாந்து தொடரில் ஐந்தில் மூன்று டெஸ்ட் மட்டுமே என்று முன்கூட்டியே முடிவெடுத்தார்கள். இணையமே திட்டித் தீர்த்தது. வேடிக்கை என்னன்னா, இந்தியா ஜெயித்த இரண்டும் அவர் ஆடாத டெஸ்ட்.

ஆனா அதே தொடரில் சிராஜ் ஐந்து டெஸ்டும் ஆடி 185.3 ஓவர் போட்டார். ஓவலில் கடைசி விக்கெட்டையும் அவர்தான் எடுத்தார். அப்போ வொர்க்லோடு பொய்யா? இல்லை. ஒவ்வொரு உடம்பும் வேற. பும்ராவுக்கு ஏற்கெனவே முதுகில் அறுவை சிகிச்சை ஆகியிருக்கு. யாருக்கு எத்தனை பந்து தாங்கும் என்பது எண்ணினால்தான் தெரியும். ஒருவர் இறங்கின சுமையை இன்னொருவர் தூக்குகிறார் என்பதும் எண்ணினால்தான் தெரியும்.

எண்ணுவதற்கு ஆள் இல்லாதவர்கள்

பும்ராவுக்கும் பார்க்லிக்கும் பந்தை எண்ண, ஓட்டத்தை எண்ண ஒரு கூட்டமே இருக்கு. உட்கார வைத்தாலும் சம்பளம் வரும். நத்தம் ரோட்டில் பந்து போடுகிற பத்தொன்பது வயதுப் பையனுக்கு? அவன் "வலிக்குது"னு சொன்னா, அடுத்த பையன் தயாரா நிக்கிறான். நடராஜன் கதை அவனுக்கு நம்பிக்கை தருது. அதே கதைதான் அவனை வலியை மறைக்கவும் வைக்குது. யாருக்குத் தெரியும், இந்த ஓவரைப் பார்க்க யாராவது வந்திருக்கலாம்!

இங்கிலாந்து வாரியம் 14, 15 வயதுப் பசங்களுக்கு ஒரு ஸ்பெல்லுக்கு 6 ஓவர், நாளைக்கு 12 ஓவர் என்று பல வருடம் எல்லை வைத்திருந்தது. அதற்குப் பணம் தேவையில்லை, மெஷின் தேவையில்லை. ஒரு நோட்டும் பேனாவும் போதும். அது ரெண்டும் எங்ககிட்டயும் இருந்தது.

போன மாதம் அண்ணனைப் பார்த்தேன். இப்போ ஞாயிற்றுக்கிழமை மேட்சுகளுக்கு அம்பயராக நிற்கிறார். நிறைய நேரம் நின்றால் இன்னும் வலிக்கும். நோட்டைக் காட்டிக் கேட்டேன்: "அண்ணே, அன்னைக்கு 'முடியுமா'ன்னு உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

அவர் சிரித்தார். "கேட்டிருந்தா 'முடியும்'னுதான்டா சொல்லியிருப்பேன். பந்து கையில இருக்கிறவன்கிட்ட அதைக் கேட்கவே கூடாது. நோட்டு உன் கையிலதானே இருந்துச்சு?"

உங்க டீம்ல ஸ்கோர் எழுதுற ஆள் யாராவது இருந்தா, அவங்களுக்கு இந்த எபிசோடை அனுப்புங்க. அடுத்த வாரம் சந்திக்கலாம்.