பள்ளாங்குழியிலிருந்து கைப்பேசி வரை: புதிர் விளையாட்டு வந்த வழி



பரிசளிப்பு விழா மலர் என்றால் வள்ளுவரைப் பற்றியும் பூஜாங் பள்ளத்தாக்கைப் பற்றியும் எழுதுவதுதான் வழக்கம். இம்முறை விளையாட்டைப் பற்றி எழுதுகிறேன். அதிலும் கைப்பேசி விளையாட்டு. "பிள்ளைகள் கெடுவதே அதனாலதான், அதுக்கு ஒரு கட்டுரை வேறயா?" என்று சிலர் முகம் சுளிக்கலாம். கொஞ்சம் பொறுங்கள். அந்தச் சிறு கண்ணாடிக்குள் ஓடுகிற விளையாட்டெல்லாம் ஒரே இனமல்ல. அதிர்ஷ்டத்தை நம்பி ஆடுவது ஓர் இனம். அறிவை நம்பி ஆடுவது இன்னோர் இனம். இந்த இரண்டாவது இனம் நம் லயத்து வாசலிலேயே இருந்ததுதான்.

சுங்கை பட்டாணி, கூலிம், பாடாங் செராய், பீடோங் வட்டாரங்களில் பழைய தோட்டத்து ஆட்களைக் கேட்டுப் பாருங்கள். பள்ளாங்குழி தெரியாத பாட்டி உண்டா? பலகை இல்லையென்றால் மண்ணிலே பதினான்கு குழி. புளியங்கொட்டையோ சோழியோ கிடைக்காவிட்டால் கித்தாக் கொட்டை. இந்தக் குழியில் எடுத்தால் எந்தக் குழியில் போய் முடியும் என்று கையை வைக்கும் முன்பே கண்ணால் எண்ணிவிடுவார்கள். பக்கத்துக் கம்பத்திலே மலாய்க்காரர்கள் ஆடுகிற சொங்காக் இதற்கு உடன்பிறப்பு. அதிலே இரு முனையிலும் சேமிப்புக் குழி உண்டு, பலகை படகு வடிவில் இருக்கும். ஆடு புலி ஆட்டமும் அப்படியே. மூன்று புலி, பதினைந்து ஆடு, இருபத்து மூன்று புள்ளி. ஒவ்வோர் ஆடும் தனியாக நின்றால் புலிக்கு இரை. சேர்ந்து நின்றால் புலிக்கே இடமில்லை. தொழிற்சங்கம் கண்ட நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை!

இவற்றையெல்லாம்விடக் கோலந்தான் எனக்குப் பெரிய வியப்பு. சிக்குக் கோலத்தில் ஒரு புள்ளியையும் விடாமல் சுற்றி, தொடங்கிய இடத்துக்கே கோடு வந்து சேர வேண்டும். நம் தாய்மார்கள் விடியற்காலை வேலைக்குப் போகுமுன் போட்டுவிட்டுப் போன இந்தக் கணக்கை, சென்னைத் தாம்பரத்துக் கிறித்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும், ராணி சிரோமணி, கமலா கிரித்திவாசன் ஆகியோரும் 1974-இல் கணினி அறிவியல் கட்டுரையாகவே எழுதினார்கள். கோலத்துக்கு இலக்கணம் உண்டு. அந்த இலக்கணத்தைச் சொல்லிக் கொடுத்தால் கணினியும் கோலம் போடும் என்று காட்டினார்கள்.

ஐரோப்பாவிலும் ஒரே கோட்டுப் புதிர்தான் ஒரு புதிய கணிதத்தையே பிறப்பித்தது. கோனிக்ஸ்பெர்க் நகரில் ஏழு பாலங்கள். ஒரு பாலத்தை இரு முறை மிதிக்காமல் எல்லாப் பாலத்தையும் கடக்க முடியுமா? முடியாது என்று ஆய்லர் என்ற கணித மேதை 1736-இல் நிறுவினார். மாணவர்களே, பென்சிலை எடுங்கள். ஒரு சதுரம், அதன் உள்ளே இரண்டு மூலைவிட்டம். கையை எடுக்காமல், போன கோட்டிலே திரும்பப் போகாமல் வரையுங்கள். வராது! இப்போது சதுரத்தின் மேலே ஒரு கூரையைப் போடுங்கள். வந்துவிடும், ஆனால் கீழ்மூலையில் தொடங்கினால் மட்டுமே. ஏன் என்று யோசியுங்கள். ஒவ்வொரு மூலையிலும் எத்தனை கோடு கூடுகிறது என்று எண்ணிப் பார்த்தால் பிடிபடும்.

தீராத புதிரைக் காட்டி ஆசை மூட்டியவர்களும் உண்டு. பதினைந்து கட்டைகளை நகர்த்தி வரிசைப்படுத்தும் விளையாட்டு 1880-இல் அமெரிக்காவைப் பித்துப் பிடிக்க வைத்தது. பிற்பாடு சாம் லாயிட் என்பவர், 14-ம் 15-ம் மட்டும் இடம் மாறிக் கிடப்பதைச் சரிசெய்பவருக்கு ஆயிரம் டாலர் பரிசு என்றார். பரிசை ஒருவரும் வாங்கவில்லை. வாங்க முடியாது, அதைச் சரிசெய்ய வழியே இல்லை என்று 1879-லேயே கணித ஏட்டில் நிறுவியாகிவிட்டது. இந்த லாயிட்டைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

இனிக் கணினிக்கு வருவோம். 1982-இல் ஜப்பானில் வெளிவந்தது சோக்கோபான். பெயருக்கு ஸ்டோர் காவலாள் என்று பொருள். ஒருவன் பெட்டிகளைத் தள்ளி உரிய இடத்தில் சேர்க்க வேண்டும். தள்ளலாம், இழுக்க முடியாது. மூலையில் பெட்டி மாட்டிக்கொண்டால் அவ்வளவுதான். அவசரக்காரனுக்கு இதைவிட நல்ல ஆசான் இல்லை.

1984-இல் மாஸ்கோவில், சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் வேலை பார்த்த அலெக்சி பஜித்னோவ் டெட்ரிஸை உருவாக்கினார். நான்கு சதுரம் சேர்ந்த துண்டுகள். மொத்தம் ஏழே வடிவம். மேலிருந்து விழுவதைத் திருப்பி இடைவெளியின்றி அடுக்க வேண்டும். அவர் வேலை செய்த இயந்திரத்தில் படமே வராது. எழுத்துக்குறிகளை வைத்துத்தான் துண்டுகளைக் காட்டினார். 1989-இல் நிண்டெண்டோவின் கேம் பாய் என்ற கையடக்கப் பெட்டியோடு அது உலகெங்கும் போயிற்று. ஆனால் 1996 வரை ஆக்கியவர் கைக்கு உரிமைத்தொகை வந்து சேரவில்லை. பாடு ஒருவருக்கு, பலன் இன்னொருவருக்கு என்பது கித்தாத் தோட்டத்து வழக்கம் மட்டுமில்லை போலும்! அந்தப் பழைய நிண்டெண்டோ டெட்ரிஸுக்கு முடிவு உண்டா என்று உலகமே கேட்டுக்கொண்டிருக்க, 2023 டிசம்பரில் அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்துப் பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் 157-ஆம் படிவரை ஆடி, இயந்திரமே உறைந்து நிற்கும்படி செய்தான்.

புதியவற்றில் எதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம்? பின்லாந்துக்காரர் ஒருவர் 2019-இல் வெளியிட்ட பாபா இஸ் யூ என்பதைத் தமிழாசிரியர்களுக்கும் சொல்வேன். அதிலே விதிகளே சொற்கட்டைகளாக நிற்கும். சொல்லை நகர்த்தினால் விதி மாறும். 'சுவர் தடுக்கும்' என்ற வாக்கியத்தைக் கலைத்துவிட்டால் சுவருக்குள்ளேயே நடக்கலாம்! இலக்கண வகுப்பில் தூங்குகிற பையனும் இதில் விழித்துக்கொள்வான். 2016-இல் வந்த தி விட்னஸ், ஒரு தீவு முழுக்கக் கோடு வரையும் புதிர். கோலம் போடுகிற கைக்கு அது அந்நியமாகத் தோன்றாது. சின்னப் பிள்ளைகளுக்கு மானுமெண்ட் வேலி ஏற்றது. முதற்பாகம் 2014, மூன்றாம் பாகம் 2024 டிசம்பர். 2025-இல் வந்த புளூ பிரின்ஸ், 45 அறை கொண்ட மாளிகையில் 46-ஆம் அறையைத் தேடச் சொல்கிறது. அதற்குக் கணினியும் நல்ல ஆங்கிலமும் குறிப்பெழுத ஒரு நோட்டுப் புத்தகமும் வேண்டும். இடைநிலைப் பள்ளிக்குப் போனபின் பார்த்துக்கொள்ளலாம்.

பெற்றோர்களே, இப்போது லாயிட்டை நினைத்துக்கொள்ளுங்கள். புதிர் வேடம் போட்ட கடைகளும் உண்டு. 2012-இல் வந்த கேண்டி கிரஷ் பார்க்கப் புதிர்தான். ஆனால் எந்த மிட்டாய் விழும் என்பது பாதி அதிர்ஷ்டம், 'உயிர்' போனால் காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் காசு கட்ட வேண்டும். இன்னும் சில விளையாட்டுகள் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாமலே பெட்டி விற்கின்றன. இதற்கும் நாலு நம்பர் எடுப்பதற்கும் என்ன பேதம்? 2018-இல் பெல்ஜிய நாடு இத்தகைய பெட்டிகள் சூதாட்டச் சட்டத்துக்கு விரோதமானவை என்றே தீர்ப்புச் சொன்னது. ஆகவே பிள்ளையிடம் மூன்று கேள்வி கேளுங்கள். தோற்றால் ஏன் தோற்றாய் என்று சொல்ல முடியுமா? காசு கொடுத்தால் ஜெயிக்க முடியுமா? நடுவிலே நிறுத்திவிட்டுச் சாப்பிட வர முடியுமா? அவன் சொல்கிற பதிலிலேயே எந்த இனம் என்று தெரிந்துவிடும்.

வீட்டிலே ஒரே ஒரு ஹேண்ட்போன்தான், அதுவும் அப்பா வேலைக்குக் கொண்டுபோய் விடுகிறார் என்றால் மாணவர்களே, கவலை வேண்டாம். கணக்கு நோட்டிலே கட்டம் போட்டுச் சுவருக்குக் கறுப்பு அடியுங்கள். பெட்டிக்குக் கித்தாக் கொட்டை, ஆளுக்கு ஒரு பொத்தான். தள்ளலாம், இழுக்கக் கூடாது. சோக்கோபான் தயார், பக்கத்து வீட்டுத் தம்பியைக் கூப்பிட்டு அவனுக்கு ஒரு புதிர் போட்டுக் கொடுங்கள்.