பந்தயக் கார் டயர் தேர்வு

பொழுதுபோக்காகக் கார்ப் பந்தயத்தில் இறங்குவோர் டயர் வாங்குமுன் பார்க்க வேண்டியது போட்டி விதிப்புத்தகம். பல பிரிவுகளில் டயரின் அளவும் வகையும், சிலவற்றில் தயாரிப்பு நிறுவனமும்கூட முன்பே வரையறுக்கப்பட்டிருக்கும். அமெரிக்காவின் எஸ்.சி.சி.ஏ. அமைப்பு, ஆட்டோகிராஸ் போட்டியின் ‘ஸ்ட்ரீட்’ பிரிவில் தேய்மான எண் 200க்குக் குறைந்த டயர்களை ஏற்பதில்லை. பக்கச்சுவரில் பொறிக்கப்படும் இந்த எண்ணைத் தயாரிப்பாளரே நிர்ணயிப்பதால், ஒரே எண் கொண்ட இரு டயர்கள் ஒரேபோலப் பிடிக்கும் என்று நம்ப இயலாது.

வரிப்பள்ளமற்ற ‘ஸ்லிக்’ டயர் உலர்ந்த தடத்தில் இறுகப் பற்றும். மழையில் நீரை வெளியேற்ற வழியின்றி வழுக்கும். மென்மையான ரப்பர் கலவை சீக்கிரம் சூடேறிப் பிடிக்கும், சீக்கிரம் தேயவும் செய்யும். ஆட்டோகிராஸில் ஓர் ஓட்டம் ஏறத்தாழ ஒரு நிமிடமே என்பதால் ஆறிய நிலையிலேயே பிடிக்கும் டயர் தேவை. பல மணிநேரப் பந்தயத்திலோ, வெப்பம் தாங்கி உழைப்பதே உதவும்.

காற்றழுத்தம் சரிதானா என்பதை ஓட்டம் முடிந்தவுடன் டயர்ப் பரப்பின் உள், நடு, வெளிப் பகுதிகளின் வெப்பத்தை அளந்து அறிவர். நடுப்பகுதி மட்டும் மிகச் சூடாயிருந்தால் காற்று அதிகம். இரு ஓரங்களும் சூடாயிருந்தால் குறைவு.

அணிகள் கழித்த பழைய ஸ்லிக்குகள் மலிவுதான். ஆயினும் பலமுறை சூடேறி ஆறிய ரப்பர், தடிமன் மிச்சமிருந்தாலும் இறுகிப் பிடிப்பை இழந்திருக்கும். சாலை டயர்களின் வயதைப் பக்கச்சுவரின் நான்கிலக்கக் குறியீடு காட்டும்: 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம்.