திட்டமிட்ட பரிசோதனைப் பிரிவுகள்: வேலூர் – ஆம்பூர் வட்டாரம்

அவசரமில்லாத நோயாளிக்கு முன்கூட்டியே நாள் குறித்து, வார்டில் சேர்க்காமலே ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, ஸ்கேன் முதலியவற்றை முடித்து அனுப்பும் மருத்துவமனைப் பிரிவு. பிரிட்டனின் மான்செஸ்டரில் 1970களிலேயே இது தனிப் பிரிவாக இயங்கியது. தோல் தொழில் நடக்கும் வேலூர், ஆம்பூர் பக்கம் ஏழைகளின் செலவைக் குறைக்கும் முயற்சிகளோடு சேர்த்தே இதைப் பார்க்க வேண்டும்.

மருத்துவர் ஐடா ஸ்கடர் 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையுடன் தொடங்கிய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.), வடமாநிலத்தாரும் தேடிவரும் பெரிய மருத்துவமனையாயிற்று. வேலூர் நகரத்து ஏழைகளுக்கென அது 1982இல் குறைந்த செலவு மருத்துவப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. தேவையான டெஸ்ட்டை மட்டும் எழுதுவது அங்குள்ள முறை. மருத்துவமனைச் செலவைக் குறைப்பதில் மருத்துவரின் இந்த நிதானத்துக்கே முதலிடம் தர வேண்டும்.

அடுத்த மிச்சம் படுக்கையில். ஸ்கேனுக்குத் தேதி கிடைக்கும்வரை வார்டில் காத்திருப்பவருக்கு வாடகையும் சாப்பாடும் இரவு நர்ஸ் செலவும் ஏறும். ஆய்வகத்திலும் அப்படித்தான்: காலையில் இயந்திரத்தைச் சரிபார்க்க ஆகும் வேதிப்பொருள் செலவு ஐந்து மாதிரிக்கும் ஐம்பது மாதிரிக்கும் ஏறக்குறைய ஒன்றே. மாதிரிகள் ஒருசேர வந்தால் ஒவ்வொன்றின் அடக்கவிலையும் இறங்கும்.

அரசுத் தரப்பில், 1994இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளில் ஸ்கேன் மையங்களை நடத்துகிறது. சி.டி. ஸ்கேனுக்கு 500 ரூபாய், எம்.ஆர்.ஐ.க்கு 2,500 ரூபாய் என்று வெகுகாலம் வாங்கிய கட்டணம் தனியார் விலையில் சிறு பங்குதான்.

இந்தக் கணக்குகள் மருத்துவமனையின் மிச்சத்தைச் சொல்கின்றன; தொழிலாளியின் கூலியைச் சொல்வதில்லை. சர்க்கரைக்கு வெறும் வயிற்றில் ஒரு ரத்தம், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொன்று. ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை செய்யும் பெண்ணுக்கு அதிலேயே ஒரு ஷிப்ட் போய்விடும். ரிசல்ட் வாங்க ஒரு நாள், டாக்டரிடம் காட்ட ஒரு நாள் என்று இழுத்தால் இலவச டெஸ்ட்டும் அவருக்குச் செலவுதான். அதனால் மூன்றையும் ஒரே நாளில் முடிப்பதுதான் அவருக்குப் பெரிய சேமிப்பு.

தொழிலாளர் அரசு காப்பீடான ஈ.எஸ்.ஐ. கார்டு இருந்தால் சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. நோய்க்கால உதவியாக 70 விழுக்காடு சம்பளமும் உண்டு. ஆனால் பொதுவாக முதல் இரண்டு நாளுக்கு அது கிடையாது. பரிசோதனைக்கு ஆகும் நாட்களோ அவைதான். வீட்டிலிருந்தே ஷூ மேல்பாகம் தைத்து ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பெண்களுக்கு அந்தக் கார்டும் இல்லை.