குப்பையை எரிப்பது எங்கே குற்றம்? தர்மபுரியிலும் அண்டை ஊர்களிலும் உள்ள விதிகள்

ஃபஜ்ர் தொழுதுவிட்டு வீடு திரும்பும்போது தெருமுனையில் குப்பை புகைந்துகொண்டிருப்பது தர்மபுரி மாவட்டத்தில் நமக்குப் பழகிப்போன காட்சி. கேட்டால், "அபராதமெல்லாம் சேலம், ஓசூர் மாதிரி மாநகராட்சியில்தான். நம்ம ஊரில் அப்படிச் சட்டம் இல்லை" என்று பதில் வரும். நம்மில் பலரும் அப்படித்தான் நம்புகிறோம். அது தவறு.

திடக்கழிவு மேலாண்மை விதிகள், தெருவிலோ பொது இடத்திலோ குப்பையை எரிக்கக் கூடாது என்கின்றன. சேலம், ஓசூர் மாநகராட்சிகளுக்கும், தர்மபுரி, கிருஷ்ணகிரி நகராட்சிகளுக்கும், மாரண்டஹள்ளி, பாப்பாரப்பட்டி போன்ற பேரூராட்சிகளுக்கும் இது ஒன்றுதான். மத்திய அரசின் விதி என்பதால் ஓசூரைத் தாண்டி கர்நாடக எல்லைக்குள் போனாலும் மாறாது.

இந்த விதியில் ஓர் இடைவெளி உண்டு. 'தன் வளாகத்துக்கு வெளியே' என்று அதில் சொல்லப்பட்டிருப்பதால், சொந்தக் கொல்லையில் எரிக்கலாம் என்று வாதிடுவோர் இருக்கிறார்கள். அந்த வாதத்துக்கு 2016 டிசம்பர் 22 அன்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் இடம் இல்லாமல் செய்துவிட்டது. அல்மித்ரா படேல் தொடர்ந்த வழக்கில், திறந்த நிலத்தில் கழிவுகளை எரிப்பதற்கு அது முழுத் தடை விதித்தது. குப்பைக் கிடங்குகளுக்கும் இந்தத் தடை பொருந்தும். சாதாரணமாக எரித்தால் 5,000 ரூபாய், மொத்தமாகக் குவித்து எரித்தால் 25,000 ரூபாய் இழப்பீடு. எரித்தவர் தனிநபரா, ஒப்பந்ததாரரா, உள்ளாட்சி அமைப்பா என்ற பாகுபாடு இல்லை. குப்பை வண்டி வராததால் துப்புரவுப் பணியாளரே தீ வைத்தாலும், அதற்கு நகராட்சியும் பொறுப்புதான்.

கிராமங்களின் நிலை சற்று வேறாக இருந்தது. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் முதன்மையாக நகர்ப்புறங்களுக்கானவையாக இருந்தன. ஆனால் அதே 2016இல் வந்த பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் ஊராட்சிகளையும் கட்டுப்படுத்தும். பிளாஸ்டிக் திறந்த வெளியில் எரிக்கப்படாமல் பார்த்துக்கொள்வது ஊராட்சியின் கடமை என்று அவை தெளிவாகவே சொல்கின்றன. இன்று எந்தக் கிராமத்துக் குப்பையில் பிளாஸ்டிக் இல்லை? வலீமா விருந்து முடிந்த மறுநாள் மண்டபத்தின் பின்புறம் எரிவதில் பாதி கப்பும் தண்ணீர் பாட்டிலும்தான்.

பி.வி.சி. போன்ற குளோரின் கலந்த பொருட்கள் எரியும்போது டயாக்சின் என்ற நச்சு உருவாகிறது. அது மண்ணிலும் புல்லிலும் படிந்து, மேயும் மாட்டின் கொழுப்பில் சேர்கிறது. மனிதர்களுக்கு டயாக்சின் சேர்வதில் 90 சதவீதத்துக்கும் மேல் உணவு வழியாகவே, குறிப்பாக இறைச்சி, பால், மீன் வழியாகவே, என்கிறது உலக சுகாதார நிறுவனம். புகை அடங்கிவிட்டது என்பதால் பாதிப்பும் முடிந்துவிடுவதில்லை.

நம் மாவட்டத்தில் இன்னொன்றும் உண்டு. ஒகேனக்கல், தொப்பூர் பக்கம் காப்புக்காடுகள் பரந்து கிடக்கின்றன. 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி காப்புக்காட்டுக்குத் தீ வைப்பது மட்டுமல்ல, காட்டுக்கு ஆபத்து வரும்படி தீ மூட்டுவதும், அணைக்காமல் விட்டுச் செல்வதும் குற்றம். குடும்பத்தோடு சுற்றுலா போய் பிரியாணி சமைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கோடையில் ஒரு சிறு கங்கு போதும். தீ பரவி அடுத்தவருக்கு ஆபத்து நேர்ந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 287ஆம் பிரிவும் பாயும். அதற்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஊருக்கு ஊர் உண்மையில் மாறுவது யாரிடம் புகார் கொடுப்பது என்பதுதான். நகரங்களில் ஆணையரிடம், பேரூராட்சியில் செயல் அலுவலரிடம், கிராமத்தில் ஊராட்சி மன்றத்திடமும் வட்டார வளர்ச்சி அலுவலரிடமும் கொடுக்கலாம். எரிப்பது உள்ளாட்சி அமைப்பே என்றால் அவர்களிடமே முறையிடுவதில் பயன் குறைவு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுதுங்கள். இடம், தேதி, நேரம் மூன்றும் குறித்து, புகைப்படம் இணைத்து, எழுத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காட்டோரம் தீ என்றால் காத்திருக்காமல் 112ஐ அழையுங்கள்.